பெட்ரோல் எஞ்சினும் கையால் போடும் கியரும் ஏன் பிரிகின்றன

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: “அண்ணே, எனக்கு வயது இருபத்தெட்டு. பதினைந்து லட்சத்துக்குள் ஒரு பெட்ரோல் கார் எடுக்கப் போகிறேன். ஓட்டுவதற்காகவே ஓட்டுகிற ஆள் நான். கியர் என் கையில் இருக்க வேண்டும். மதுரைக்கும் திருச்சிக்கும் அலைந்து பார்த்துவிட்டேன். நல்ல எஞ்சின் வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக்கில்தான் வரும் என்கிறார்கள். மேனுவல் அவ்வளவுதானா? இப்போதே எடுத்துவிட வேண்டுமா?”

முதலில் கேள்வியைச் சற்றே திருத்திக்கொள்வோம். மேனுவல் கியர் ஒழிந்துவிடவில்லை. காரைக்குடி பெரியார் சிலை அருகே கால் மணி நேரம் நின்று பார்த்தால், கடந்து போகும் கார்களில் பெரும்பாலானவை இன்றும் கிளட்ச் மிதித்து ஓட்டப்படுபவை என்பது தெரியும். விலை குறைந்த மாடல்களில் மேனுவல்தான் அடிப்படை. ஆட்டோமேட்டிக்குக்குத்தான் கூடுதல் பணம். உண்மையில் கண்ணெதிரே மறைந்துகொண்டிருப்பது ஒரு சேர்க்கை: நல்ல இழுவையுள்ள பெட்ரோல் எஞ்சின், அதற்கேற்ற பிரேக்கும் சஸ்பென்ஷனும், கூடவே மேனுவல் கியர் ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் அமைவது. கியர் வேண்டுமானால் சின்ன எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் வேண்டுமானால் கியரை விட்டுவிடுங்கள் என்று வாங்குபவரிடம் சொல்லும் காலம் இது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்தச் சேர்க்கையை.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கியர்பாக்ஸ் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது கோட்டையூரில் வீட்டோடு இருக்கிறேன். கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பல்லை உருப்பெருக்கியில் பார்த்தே கண்ணாடி போட்டவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கார் பழகியது பெரியப்பா வீட்டு அம்பாசடரில். நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்; வண்டி நின்றது பின்தெருக் கொட்டகையில். கியர்க் கம்பு ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்த பழைய வண்டி அது, முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் என்ற அந்த வளைய அமைப்பு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மறுபடி மிதித்துப் போட வேண்டும். தப்பினால் பல் அரைபடும் சத்தம் முகப்பு வரை கேட்கும். பெரியப்பா திண்ணையில் இருந்தபடியே “பார்த்துடா” என்பார். அந்த வண்டிக்கு வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எஞ்சினும் சக்கரமும் எந்த வேகத்தில் சுற்றுகின்றன என்பதைக் காதாலும் பாதத்தாலும் கணக்கிட்டு இரண்டையும் இணைத்துவைப்பதில்தான் அன்று சுகம் இருந்தது, இன்றும் மேனுவல் பிரியர்கள் தேடுவது அதையே.

அந்தச் சேர்க்கை எப்படிப் பிரிந்தது என்பதைச் சில வண்டிகளை வைத்தே சொல்லலாம். 1999-இல் மறைமலை நகரிலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஐகான் 1.6 (எஞ்சின் அளவு, லிட்டரில்), 2001-இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6, அதே காலத்து ஹோண்டா சிட்டியின் விடெக் எஞ்சின் ரகம் ஆகியவற்றை வாங்கியவர்கள் மேனுவல் உண்டா என்று கேட்டதே இல்லை, அதுதான் இயல்பு. 2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இங்கே வந்தபோது, 150 குதிரைத்திறன் கொண்ட 1.8 டர்போ பெட்ரோல் எஞ்சினுடன் மேனுவல் கியர்தான் இருந்தது. அதே பெயரில் 2017-இல் 230 குதிரைத்திறனுடன் வந்தது டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே. 2025-இல் 265 குதிரைத்திறனுடன் வந்த நூறு வண்டிகளும் அப்படியே. அதே ஆண்டு வந்த கோல்ஃப் ஜிடிஐயிலும் கிளட்ச் மிதி கிடையாது. ஹோண்டா சிவிக்கின் கதை இன்னும் வேடிக்கையானது. 2006-இல் வந்த சிவிக்கின் 1.8 பெட்ரோலில் மேனுவல் கிடைத்தது. 2019-இல் அது திரும்பி வந்தபோது டீசலுக்கு மேனுவல் மட்டும், பெட்ரோலுக்கு சிவிடி என்ற, படிப்படியான கியரே இல்லாத ஆட்டோமேட்டிக் மட்டும் என்று வந்தது. உயரச் சுற்றுவதற்கென்றே பெயரெடுத்த பெட்ரோல் எஞ்சினைச் சிவிடியில் கட்டிவிட்டு, டீசலுக்குக் கியர்க் கம்பைக் கொடுத்தவர்களை என்னவென்று சொல்வது?

தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவுடன் கூட்டு வைத்து, 2018-இல் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரண்டைக் கொண்டுவந்தது. 1.2 டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல், தாழ்த்திக் கட்டிய சஸ்பென்ஷன். டியாகோவின் ஷோரூம் விலை 6.39 லட்சம். பந்தய ஓட்டுநர்களின் ஊரில் செய்த வண்டி என்பது முதல் வளைவிலேயே தெரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் அது நின்றது. மாருதி பலேனோ ஆர்எஸ் நின்றதும் அப்போதுதான். இரண்டு ஆண்டு கழித்து 2022-இல் ஃபோக்ஸ்வேகன் போலோவும் போனது. அதுவும் எப்படிப் போனது என்றால், ஜிடி டிஎஸ்ஐ என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக ஆட்டோமேட்டிக்கை மட்டும் விற்றுவிட்டு, 2020-இல் 1.0 டர்போவுக்கு ஆறு கியர் மேனுவலைக் கொடுத்து, அதை நாலு பேர் ரசிக்கத் தொடங்கிய நேரத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

காரணங்களுக்கு வருவோம். ஷோரூமில் “டிமாண்ட் இல்லை சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் பாதிதான் உண்மை.

முதல் காரணம் புகை விதி. பிஎஸ்6-இன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஏற்றி, குறித்த வேகத்தில் ஓட்டி, வெளிவரும் புகையை அளந்தால் போதும். இப்போது புகைக்குழாயில் அளவுக் கருவியை மாட்டிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டியும் காட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் எந்த நேரத்தில் எந்த கியர் என்பதைக் கணினியே முடிவு செய்வதால், நிறுவனம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிடலாம். மேனுவலில் ஓட்டுபவர் ஐந்தாம் கியரில் முக்க வைப்பாரா, இரண்டாம் கியரில் கத்த வைப்பாரா என்பது அவரவர் சித்தம். அந்த எல்லாச் சாத்தியங்களுக்கும் எஞ்சினைச் சரிசெய்தாக வேண்டும்.

இதன் விளைவை நீங்கள் காலால் உணரலாம். இன்றைய பெட்ரோல் மேனுவல் வண்டி ஒன்றில் முதல் கியரில் 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வரை போய், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதியுங்கள். பழைய வண்டியில் முள் பொத்தென்று கீழே விழும்; இதில் ஒரு கணம் அங்கேயே தொங்கிவிட்டு, மனமில்லாமல் இறங்கும். ரெவ் ஹேங் என்பார்கள். ஆக்சிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே இப்போது கம்பி இல்லை, மின்னணுக் கட்டளைதான் உண்டு. காற்று வழியைச் சட்டென்று மூடினால் உள்ளே ஏற்கெனவே போய்விட்ட பெட்ரோல் சரியாக எரியாமல் புகையாக வெளியேறும் என்பதால், கணினி அந்த வழியை வேண்டுமென்றே மெதுவாக மூடுகிறது. எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற சக்கரமும் கனமாக இருந்தால் தொங்கல் இன்னும் நீளும். அந்தக் கணத்தில் அவசரப்பட்டு இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி முன்னுக்கு ஒரு தள்ளு தள்ளும். புதிதாக வாங்கியவர்கள் கிளட்சில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். கோளாறு ஒன்றுமில்லை. கிளட்சை மிதிப்பதற்கு அரைக் கணம் முன்னதாகவே ஆக்சிலேட்டரைத் தளர்த்தப் பழகினால் மாற்றம் பட்டாகிவிடும். சட்டத்துக்கும் சுகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட எஞ்சின் இது என்று தெரிந்துகொண்டு ஓட்டினால் கோபம் வராது.

இரண்டாவது, கஃபே எனப்படும் சராசரி எரிபொருள் விதி. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியீடு ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும்; இரண்டாம் கட்டத்தில் அது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 113 கிராம். இந்தக் கணக்கில் மின்கார் ஒன்றை விற்றால் அது ஒன்றுக்கு மேற்பட்டதாக எண்ணப்படும், ஹைபிரிடுக்கும் சலுகை உண்டு. முழு ஹைபிரிட் என்றால் அதில் கிளட்ச் மிதிக்கு இடமில்லை. ஹோண்டா சிட்டி ஹைபிரிடும் மாருதி, டொயோட்டாவின் ஹைபிரிடுகளும் இ-சிவிடியில் மட்டுமே வருவது அதனால்தான். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கியர் உள்ள வண்டிக்கும் இதே கணக்கில் சிறு சலுகை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அண்மையில் வந்த டர்போ பெட்ரோல் மேனுவல்கள் பெரும்பாலும் ஆறு கியரோடு வருவதற்கு நெடுஞ்சாலைச் சுகம் மட்டும் காரணமல்ல. ஆனால் அந்த மைலேஜுக்காகவே கியர் விகிதங்களை நீட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் கோவிலூர் ரோட்டு வேகத்தடை ஒன்றில் இரண்டாம் கியரில் ஏறி இறங்கிப் பாருங்கள்; 1.0 டர்போ எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மில் ஆஸ்துமாக்காரரைப்போல மூச்சு வாங்கும். முதல் கியருக்கு இறங்கினால் உறுமும். இடைப்பட்ட நிலை ஒன்று பழைய வண்டிகளில் இருந்தது.

மூன்றாவது, செலவு. ஒவ்வொரு எஞ்சின், கியர்பாக்ஸ் இணைக்கும் தனித்தனியாக மென்பொருள் எழுதி, தனித்தனியாகச் சோதித்து, புனேயிலோ மானேசரிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை மையத்தில் சான்று வாங்க வேண்டும். விதி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தச் செலவு திரும்ப வரும். மாதத்துக்குச் சில நூறு பேர் வாங்கும் இணைக்கு யார் செலவு செய்வார்கள்? கணக்குப் பிள்ளை சிவப்பு மையில் அடிக்கும் முதல் வரி அதுதான். 2023-இல் வந்த மகிந்திரா தாரின் பின்சக்கர இழுவை ரகத்தைப் பாருங்கள்: டீசலுக்கு மேனுவல், பெட்ரோலுக்கு ஆட்டோமேட்டிக், அவ்வளவே. எதையும் எதனோடும் சேர்த்து வாங்கும் உரிமையை வாங்குபவர் கையிலிருந்து எடுத்துவிட்டால் நிறுவனத்துக்குச் சான்றுச் செலவு பாதி.

வாங்குபவர்கள் மாறியதும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. 2014-இல் மாருதி செலேரியோ, ஏஎம்டி என்ற விலை குறைந்த ஆட்டோமேட்டிக்கோடு வந்த பிறகு, ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் வண்டி, மைலேஜ் கொடுக்காது என்ற பேச்சு ஓய்ந்தது. கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு ஊர்கிறவரிடம் கியர் மாற்றும் இன்பத்தைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார். என் வீட்டில் அன்றாடம் ஓடுவதும் ஆட்டோமேட்டிக்தான். மனைவியின் முழங்கால் வலிக்கு முன்னால் என் தத்துவம் எடுபடவில்லை. ஆனால் டிமாண்ட் இல்லை என்பதைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் வித்தையும் ஷோரூம்களில் நடக்கிறது. டெஸ்ட் டிரைவுக்கு மேனுவல் வண்டி வைக்க மாட்டார்கள். ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு மேனுவலைக் கண்ணை மூடிக்கொண்டு புக் செய்யச் சொல்வார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படி முன்பணம் கட்டி, மூன்று மாதம் காத்திருந்தான். பிறகு போன் வந்தது: அந்த ரகத்தில் மேனுவலை நிறுத்திவிட்டார்கள், ஒன்றரை லட்சம் சேர்த்தால் ஆட்டோமேட்டிக் நாளைக்கே டெலிவரி. வேண்டாம் என்று பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு மாதம் ஆனது. மேனுவல் கேட்டு வந்தவன் என்று அவன் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

பிடிவாதமாகக் கேட்டால் திரும்பியும் வரும் என்பதற்கு ஹூண்டாய் சாட்சி. 2021-இல் ஐ20 என்லைன் வந்தபோது டர்போ எஞ்சினுக்கு டிசிடி ஆட்டோமேட்டிக், இல்லையென்றால் ஐஎம்டி. கியர்க் கம்பு இருக்கும், கிளட்ச் மிதி இருக்காது. அந்த வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். எனக்கு அது கைகுலுக்கும்போது கையுறை போட்டுக்கொண்டதுபோல இருந்தது. ரசிகர்கள் ஏற்கவில்லை. 2023-இல் ஐஎம்டியைத் தூக்கிவிட்டு, முறையான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். 2024-இல் கிரெட்டாவிலும் இதே கதை: சாதாரண ரகத்தில் 1.5 டர்போவுக்கு டிசிடி மட்டும், இரண்டு மாதம் கழித்து வந்த என்லைனில் மேனுவலும் உண்டு. இதில் கவனிக்க வேண்டிய போக்கு ஒன்று தெரிகிறது. நல்ல எஞ்சினோடு மேனுவல் வேண்டுமென்றால் இனி அது பொது ரகத்தில் இராது. ரசிகர்களுக்கென்று தனிப் பெயர் சூட்டிய ரகத்தில், அதற்கான விலையோடு இருக்கும். உலகிலும் அதுதான் நடக்கிறது. போர்ஷே 911 ஜிடி3-இல் ஒருமுறை மேனுவலை நீக்கிவிட்டு, 2017-இல் திரும்பக் கொடுத்தார்கள். பெட்டிக்கடைக் கடலை மிட்டாய் இன்று பட்டுக் காகிதம் சுற்றிப் பரிசுக் கூடையில் விற்பதுபோல.

இனி உங்கள் பதினைந்து லட்சத்துக்கு வருவோம். வரிக் கணக்கை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40. அதோடு தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய ஆயுள் வரியில், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அதற்குக் கீழுள்ளதைவிட விகிதம் கூடுதல். ஆகவே ஷோரூம் விலை 9.9 லட்சமா 10.1 லட்சமா என்பது ஆன்ரோடு விலையில் கணிசமான வித்தியாசத்தைக் காட்டும்.

உங்கள் தேவைக்கு நான் முதலில் சொல்வது ஐ20 என்லைன். 1.0 டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20யைவிட இறுக்கமான சஸ்பென்ஷன். மேலே சொன்ன மூன்றும் சேர்ந்த வண்டி, குறைந்த வரிக்குள்ளும் அடங்குகிறது. கிளட்ச் லேசானது, கியர்க் கம்பின் ஓட்டம்தான் எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. செடான் வேண்டுமானால் வெர்னாவின் 1.5 டர்போ மேனுவல், 160 குதிரைத்திறன், உங்கள் பட்ஜெட்டை முட்டும். சக்தி நிறைய, ஆனால் முன்சக்கரங்கள் அதைத் தாங்கத் திணறும். மழை பெய்த திருமயம் சாலையில் இரண்டாம் கியரில் அவசரப்பட வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் விர்டஸின் 1.0 மேனுவல், 115 குதிரைத்திறன்தான் என்றாலும் வளைவில் நிற்கும் நிலைப்பு என்னைக் கவர்ந்தது. அதன் 1.5 எஞ்சின் இன்னும் உயர்ந்தது, விலையும் அப்படியே. டாடா நெக்ஸானும் மகிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவும் இழுவையில் குறையில்லை. உயரமான வண்டிகள் என்பதால் உங்கள் ரசனைக்கு ஒத்துவருமா என்பதில் எனக்கு ஐயம்.

தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக். டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர் கொண்ட, 121 குதிரைத்திறனை 6,600 ஆர்பிஎம்மில் தருகிற எஞ்சின், ஆறு கியர் மேனுவலோடு. கீழ்ச்சுற்றில் சாதுவாக இருக்கும். 4,500-க்கு மேலே குரலே மாறும். பிள்ளையார்பட்டிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே பேருந்து ஒன்றை முந்த மூன்றாம் கியருக்கு இறங்கி அந்த முள்ளை ஏறவிட்டுப் பாருங்கள், டர்போக்காரர்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்காது. முன்வண்டியோடு இடைவெளி காத்துச் செல்லும் உதவி அமைப்புகள் இருப்பதால் மேனுவல் தரமுடியவில்லை என்று சில நிறுவனங்கள் சொல்லும் சாக்குக்கும் இந்த வண்டியே பதில். இதன் மேனுவலிலும் அவை உண்டு. இரண்டாவது ஸ்விஃப்ட். 2024-இல் நான்கு சிலிண்டரை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள், திறனும் 90-இலிருந்து 82-க்கு இறங்கியது. பழைய எஞ்சினின் பாட்டு இதில் இல்லை. ஆனால் வண்டியின் எடை ஏறக்குறைய 920 கிலோதான். முழுச் சக்தியையும் பிழிந்து ஓட்டினாலும் உயிருக்கும் உரிமத்துக்கும் ஆபத்தில்லாத வேகத்துக்குள் இருக்கலாம் என்பது இளைஞருக்கு ஒரு வரம். மிச்சப் பணத்துக்கு நல்ல டயர் போடுங்கள். எதை எடுத்தாலும் அந்த மாதத்து விலைப்பட்டியலில் அந்த ரகத்துக்கு நேரே மேனுவல் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பழைய வண்டி வாங்கத் தயங்காதவரானால் பாதை இன்னும் அகலம். 1.0 டிஎஸ்ஐ மேனுவல் போலோ, டியாகோ ஜேடிபி, பலேனோ ஆர்எஸ், 145 குதிரைத்திறன் கொண்ட, ஃபியட்டின் அபார்த் புன்டோ ஆகிய நான்கும் ரசிகர்களிடையே கை மாறுபவை. அபார்த்தை மட்டும் ஆசையோடு பார்த்துவிட்டு விட்டுவிடச் சொல்வேன். ஃபியட் இந்தியாவை விட்டுப் போன பிறகு பாகத்துக்குக் கோயம்புத்தூர், சென்னை என்று அலைய வேண்டியிருக்கும். பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறிய வண்டியில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரப்பு இருந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. சூடான பிறகு அது ஒளிந்துகொள்ளும். நான்காம் கியரில் நாற்பது கிலோமீட்டரில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்தது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள். நிற்கும் வண்டியில், நியூட்ரலில், கிளட்சை மிதிக்காதபோது கேட்கும் இரைச்சல் மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங், மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். பின்னது கிளட்ச் மாற்றும்போது கூடவே மாறிவிடும். முன்னதற்கு கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், வேண்டாம்.

பழைய வண்டிக்கு இப்போது இன்னொரு கவலையும் உண்டு. பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ற குழாய், ரப்பர் பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்து. எத்தனாலில் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். 2023-க்கு முந்தைய வண்டி வாங்கினால் எரிபொருள் குழாய்களை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டி, தேவையானதை மாற்றிவிடுங்கள்.

இப்போதே எடுக்க வேண்டுமா என்றால், அடுத்த ஆண்டே கதவு மூடிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் கஃபேயின் மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்கவிருக்கிறது. வரம்பு இறுகும்போதெல்லாம் முதலில் கழிக்கப்படுவது குறைவாக விற்கும் இணைகள்தான் என்பதை 2020-இல் பார்த்தோம். மேலே சொன்னவற்றில் ஒன்று மனத்துக்குப் பிடித்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். மின்கார்களைப் பழிக்கவும் மாட்டேன். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்ததால் உருவான மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பேட்டரி ஆய்வு செய்வது நம் காரைக்குடியில்தானே. ஊர்க்காரர்கள் செய்யும் வேலையைக் குறை சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் நம் பக்கத்துக்காரர் என்பதால் சொல்லியாக வேண்டும். நீங்கள் வேலை பார்ப்பது வெளியூரில், வண்டியை ஊர் வீட்டில் விட்டுவிட்டுப் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் வந்து எடுப்பவர் என்றால், மேனுவல் பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பழக்கம் ஆகாது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில் ஆவணியில் பூட்டிய கொட்டகையைத் தையில் திறந்தார்கள். பேட்டரி மாற்றினார்கள், எஞ்சின் ஓடியது, கியர் மட்டும் விழவில்லை. ஐப்பசி மழையின் ஈரத்தில் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கிளட்சை எத்தனை மிதித்தாலும் இரண்டும் பிரியாது. எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, வண்டியைப் பொட்டலுக்குத் தள்ளிக்கொண்டு போய், இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தோம். வண்டி குதித்துக்கொண்டு ஓட, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தியதில் நாலாவது குலுக்கலில் டக்கென்று விட்டது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்று இருந்தால் எத்தனால் அதிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஓட்டுநர் இருக்கையின் முன்விளிம்புக்கும் கிளட்ச் மிதிக்கும் இடையே அளவாக வெட்டிய ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, மிதியைக் கீழேயே நிறுத்துங்கள். தட்டும் ஃப்ளைவீலும் ஒட்டாது. பழைய தேக்கு நிலைத் துண்டு எந்த வீட்டிலும் கிடைக்கும். கட்டை உள்ளே இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள், திரும்பி வரும்போது வண்டியை எடுப்பது நீங்களாக இல்லாமல் மச்சானாகவும் இருக்கலாம்.